கோபுரத்தை வெடிவைத்துத் தகர்த்த கணக்கப்பிள்ளைகள்

2010 ஏப்ரல் 28ஆம் தேதி, அலாஸ்காவின் போர்ட் கிளாரன்ஸ் என்ற ஆளரவமற்ற கடற்கரையில், 411 மீட்டர் உயர இரும்புக் கோபுரம் ஒன்றை வெடிவைத்துச் சாய்த்தார்கள். ஈஃபில் கோபுரத்தைவிட உயரம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு தடவை அடுக்கினாலும் அதன் உச்சியைத் தொடாது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு பனிக்காற்றில் நின்ற அது விழ எடுத்துக்கொண்டது சில நொடிகள். சாய்த்தவர்கள் எதிரிகள் அல்ல, சொந்தக்காரர்களான அமெரிக்கக் கடலோரக் காவல்படையினர். காரணம்: சிக்கனம்!

அந்தக் கோபுரம் லோரான்-சி என்ற ரேடியோ வழிகாட்டி அமைப்பின் ஆண்டெனா. 2010 பிப்ரவரி 8 அன்று அமெரிக்கா அந்த அமைப்பை நிறுத்தியது. மூன்று மாதம்கூடப் பொறுக்கவில்லை, வெடிமருந்தோடு கிளம்பிவிட்டார்கள். "அதான் ஜி.பி.எஸ். வந்தாச்சே, இந்தப் பழைய இரும்பு எதுக்கு?" என்பதுதான் மொத்த வாதமும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த வாதத்தில் ஓர் அடிப்படைப் பிழை இருக்கிறது. அது அரசியல் பிழையோ பொருளாதாரப் பிழையோ அல்ல, முதலில் அது ஓர் ஆண்டெனாப் பிழை. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் செயற்கைக்கோளா தரை நிலையமா என்று பட்டிமன்றம் நடத்துகிறார்களே தவிர, அந்தக் கோபுரம் ஏன் அத்தனை உயரம், அதை வடிவமைப்பது ஏன் அத்தனை சிரமம் என்று பார்ப்பதில்லை. அதைப் பார்த்தால் இடித்தது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்பது தானாகவே புரியும்.

லோரான் வேலை செய்யும் விதம் சுலபமானது. கரையில் சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று நான்கு நிலையங்கள். எல்லாம் 100 கிலோஹெர்ட்ஸில், அணுக்கடிகாரத் துல்லியத்தோடு, வரிசை முறைப்படி துடிப்புகளை அனுப்பும். கப்பலில் இருக்கும் கருவி, இரண்டு நிலையங்களின் துடிப்புகள் வந்து சேர்ந்த நேர வித்தியாசத்தை அளக்கும். ஒரு வித்தியாசம் கிடைத்தால் வரைபடத்தில் ஒரு வளைகோடு. இன்னொரு ஜோடி நிலையத்திலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கப்பல். ரேடியோ அலை ஒரு மைக்ரோநொடியில் 300 மீட்டர் ஓடும் என்பதால், ஒரு மைக்ரோநொடி தப்பினாலும் நூற்றுக்கணக்கான மீட்டர் தப்பும். ஆக எல்லாமே நேரக் கணக்கு.

100 கிலோஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 3 கிலோமீட்டர். பாடப்புத்தகத்தில் வரும் ஒழுங்கான செங்குத்து ஆண்டெனா அலைநீளத்தில் கால்பங்கு உயரம் இருக்க வேண்டும். அதாவது 750 மீட்டர்! அப்படி ஒரு கம்பத்தை எந்தக் கடலோரக் காவல்படையும் நிறுத்தாது. பெரும்பாலான லோரான் நிலையங்களில் நின்றது 190 மீட்டர் கோபுரம்தான். பார்ப்பவனுக்கு வானளாவிய கோபுரம், ரேடியோ அலைக்கோ ஒரு குச்சி. அலைநீளத்தில் பதினாறில் ஒரு பங்கு. இந்தத் துறையில் "பெரிய ஆண்டெனா" என்பதே ஒரு நகைமுரண். பெரியது எல்லாமே உண்மையில் ரொம்பச் சின்னது :-)

சின்ன ஆண்டெனாவின் முதல் சாபம், அது மின்சாரத்தை அலையாக மாற்ற மறுப்பது. கால் அலைநீளக் கம்பத்துக்குக் கதிர்வீச்சுத் தடை 36 ஓம் அளவில் இருக்கும். 190 மீட்டர் லோரான் கோபுரத்துக்கு, உச்சியில் என்ன வித்தை செய்தாலும், சில ஓம்தான். உயரத்தைப் பாதியாக்கினால் அது கால்பங்காகிவிடும். சில ஓம் தடையில் 400 கிலோவாட் துடிப்பை அனுப்ப நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓட வேண்டும். அத்தனை ஆம்பியரும் மண் வழியாகத் திரும்பி வரும்போது, மண்ணின் தடையும் சில ஓம் இருந்தால் பாதிச் சக்தி மண்புழுவைச் சூடாக்கத்தான் போகும். அதனால்தான் கோபுரத்தின் காலடியிலிருந்து சக்கரத்தின் ஆரம் மாதிரி நாலாபக்கமும் செம்புக் கம்பிகளைப் புதைக்கிறார்கள். 120 கம்பி என்ற கணக்கு 1937இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பிரௌன், லூயிஸ், எப்ஸ்டீன் மூவரும் வயலில் கம்பி புதைத்து அளந்து வெளியிட்ட ஆய்விலிருந்து நிலைபெற்றது. வெளியே தெரிவது கோபுரம். அதன் ஆண்டெனா வேலையில் பாதியைச் செய்வது மண்ணுக்கடியில் கிடக்கும் கிலோமீட்டர் கணக்கான செம்பு. கோபுரத்தை இடித்துவிட்டு நிலத்தையும் கைமாற்றிவிட்டால் போவது இரும்பு மட்டும் அல்ல.

உச்சியில் செய்யும் வித்தை என்னவென்றால், குடைக்கம்பி மாதிரி கம்பிகளைக் கோபுரத்தின் தலையிலிருந்து சரிவாக இறக்கி, பாதி வழியில் இன்சுலேட்டர் போட்டு, அதன்பிறகு தரையில் கட்டுவது. தலையில் மின்னூட்டம் தேங்க இடம் கிடைப்பதால் கோபுரம் முழுக்க நல்ல மின்னோட்டம் ஓடும், கோபுரம் உண்மையான உயரத்தைவிட உயரமாக நடந்துகொள்ளும். ஆனால் கம்பிகளை ரொம்பக் கீழே இறக்கினால் அவையே கோபுரத்தின் அலையை மறைக்கத் தொடங்கும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் வடிவமைப்பாளரின் திறமை இருக்கிறது. சில நிலையங்களில் இன்னும் ஒரு படி மேலே போய் நான்கு கோபுரங்களை நிறுத்தி, நடுவே தலைகீழ்ப் பிரமிடாகக் கம்பிவலையைத் தொங்கவிட்டார்கள்.

இரண்டாவது சாபம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது. கோயில் மணியை ஓர் அடி அடித்தால் ரீங்காரம் அடங்க நேரமாகும். பறையில் ஓர் அடி அடித்தால் "டப்" என்று எழுந்து "டப்" என்று அடங்கும். சின்ன ஆண்டெனாவும் அதோடு சேர்த்த காயிலும் கோயில் மணி மாதிரி. மெதுவாக எழும், மெதுவாக அடங்கும், ஒரே ஒரு அலைவரிசையில் மட்டும் சந்தோஷமாக இருக்கும். நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் நிலையங்களுக்கு அது போதும், அவர்கள் மெதுவாகத்தான் தந்தி அடிக்கிறார்கள். லோரானுக்குப் போதாது. லோரானுக்குப் பறை வேண்டும்.

ஏன்? ஒரே துடிப்பு இரண்டு வழியில் வருகிறது. தரையை ஒட்டி ஓடி வருவது தரையலை, அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவது வானலை. தரையலையின் நேரம் நம்பகமானது. வானலை பகலில் ஒரு மாதிரி, இரவில் ஒரு மாதிரி, அதை நம்பிப் போனால் பாறையில்தான் ஏற வேண்டும். நல்ல வேளையாக வானலை சில பத்து மைக்ரோநொடிகள் தாமதமாகத்தான் வரும். ஆகவே துடிப்பு தொடங்கி 30 மைக்ரோநொடிக்குள், அதாவது முதல் மூன்று சுற்றுகளுக்குள், கருவி தன் அளவையை முடித்துவிட வேண்டும். துடிப்பு உச்சத்தைத் தொடுவதே 65ஆவது மைக்ரோநொடியில்தான். அப்படியானால் அந்த 30ஆவது மைக்ரோநொடியிலேயே அளக்கத்தக்க பலத்தோடு துடிப்பு எழுந்து நிற்க வேண்டும். அந்த வேகத்தில் எழ வேண்டுமானால் ஆண்டெனா 90 முதல் 110 கிலோஹெர்ட்ஸ் வரை வாயைத் திறந்துகொண்டு இருக்க வேண்டும். லோரான் துடிப்பின் ஆற்றலில் 99 சதவீதம் இந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மைய அலைவரிசையில் 20 சதவீத அகலம்! அலைநீளத்தில் பதினாறில் ஒரு பங்கு இருக்கும் குச்சியிடம் இதைக் கேட்பது அநியாயம், ஆனால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

1940களின் இறுதியில் வீலரும் சூவும் இதற்கு எல்லை போட்டுவிட்டார்கள். ஆண்டெனாவின் எல்லா அளவுகளையும் பாதியாக்கினால் அதன் இயல்பான அலைவரிசை அகலம் சுமார் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். தடையை வேண்டுமென்றே சேர்த்து அகலத்தை இழுக்கலாம். ஆனால் அப்போது சக்தி வெப்பமாகப் போகும், அலை போகாது. உயரம் ஆடம்பரம் அல்ல. அது நேரத்துல்லியத்துக்குக் கொடுக்கும் விலை. இந்த விலையில் எந்த ஜாம்பவானும் தள்ளுபடி வாங்கியதில்லை.

வாங்கிவிட்டதாகச் சொன்னவர்கள் உண்டு. "குறுக்குப் புல ஆண்டெனா" என்று ஒன்றை 1990களில் பெரிதாக விளம்பரப்படுத்தினார்கள். சில மீட்டர் உயர உருளைகள் போதும், பெரிய கோபுரமே வேண்டாம் என்றார்கள். எகிப்தில் தாந்தா நகரில் நிறுவிக்கூடக் காட்டினார்கள். ஐல் ஆஃப் மேன் தீவில் நெட்டலை வானொலிக்கு இதை வைக்கத் திட்டம் போட்டு, அந்த வானொலி ஒலிபரப்பாகவே இல்லை. வெளியாட்கள் அளந்து பார்த்தபோது அது அதே உயரக் குட்டைக் கம்பத்தைவிட உசத்தி இல்லை என்றுதான் தெரிந்தது. இயற்பியலை உட்டாலக்கடி வேலையால் ஏமாற்ற முடியாது. இன்றைக்கும் "புதிய தொழில்நுட்பத்தில் சின்ன ஆண்டெனா வந்துவிடும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்பவர்களுக்கு இதே பதில்தான்.

மின்சாரத்தை விட்டுவிட்டு இரும்பைப் பார்த்தாலும் கதை அதேதான். கோபுரம் முழுவதும் மின்சாரத்தில் இருப்பதால் அது தரையைத் தொடக்கூடாது. நூற்றுக்கணக்கான டன் இரும்பும், ஸ்டே கம்பிகள் கீழ்நோக்கி இழுக்கும் விசையும் ஒரு பீங்கான் இன்சுலேட்டரின் தலையில் உட்கார்ந்திருக்கும். ஸ்டே கம்பிகளையும் துண்டு துண்டாக நறுக்கி நடுவே இன்சுலேட்டர் கோர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அவையே ஆண்டெனாவாக ஆட்டம் போடும். ஒவ்வொரு கோர்ப்பும் ஒரு பலவீனம். கிரீன்லாந்தில் ஆங்கிசோக் என்ற இடத்தில் 1963இல் எழுப்பிய 411 மீட்டர் கோபுரம் 1964 ஜூலை 27 அன்று உலோகச் சோர்வால் விழுந்தது. ஒரே வருடம்! கனடாவின் கேப் ரேஸில் அதே உயரக் கோபுரம் 1965இலிருந்து நின்று, 1993 பிப்ரவரி 2 அன்று விழுந்தது. ஒரு ஸ்டே கம்பி இன்சுலேட்டரில் இருந்த வளையத் திருகாணியின் தலை சோர்ந்து உடைந்ததுதான் காரணம். ஒரு திருகாணி, 411 மீட்டர். இரண்டு இடத்திலும் அதன்பின் குட்டையான கோபுரத்தைத்தான் கட்டினார்கள்.

எதிர்த்தரப்பு இதையே தூக்கிக்கொண்டு வரும். "பார்த்தாயா, இப்படி விழக்கூடிய பழைய கோபுரங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று. போர்ட் கிளாரன்ஸ் மாதிரி ஓரிரண்டு ராட்சசக் கோபுரங்களுக்கு அந்தக் கவலை நியாயம்தான். ஆனால் மற்ற நிலையங்களில் நின்ற 190, 213 மீட்டர்க் கோபுரங்களுக்கு? அவற்றுக்கு வேண்டியது பெயிண்ட், சிவப்பு விளக்கு, ஸ்டே கம்பி இழுவிசைச் சோதனை, ஓர் எஃகு வேலைக்காரர் குழு. அவ்வளவுதான்.

இனி கணக்குக்கு வரலாம். லோரானை மூடினால் 2010இல் 3.6 கோடி டாலரும், ஐந்து வருடத்தில் 19 கோடி டாலரும் மிச்சம் என்றது அமெரிக்க அரசு. அப்போது அமெரிக்காவில் 24 நிலையங்கள். வகுத்துப் பார்த்தால் நிலையத்துக்கு வருடம் 15 லட்சம் டாலர். அந்தச் செலவில் பெரும்பகுதி பழைய முறையில் ஆள் வைத்து நடத்தியதால் வந்தது. ஆளில்லாமல் நடத்தக்கூடிய புதிய டிரான்ஸ்மிட்டர்களுக்கும் கடிகாரங்களுக்கும் மூடுவதற்கு முந்தைய வருடங்களில்தான் கோடிக்கணக்கில் செலவழித்திருந்தார்கள். வீட்டுக்குப் புது ஒயரிங் செய்து முடித்த கையோடு வீட்டை இடித்த கதை!

இங்கேதான் அந்த ஆண்டெனாப் பிழை. கணக்கப்பிள்ளையின் பேரேட்டில் "லோரான் நிலையம்" என்பது ஒரே வரி. டிரான்ஸ்மிட்டர், கடிகாரம், கோபுரம், செம்பு, நிலம் எல்லாம் ஒன்றாக "பழைய சாமான்". ஆனால் இவை ஒரே வேகத்தில் பழசாவதில்லை. வால்வு வைத்த அறை முழுக்க டிரான்ஸ்மிட்டர் போய் அலமாரி அளவு டிரான்ஸிஸ்டர் டிரான்ஸ்மிட்டர் வந்துவிட்டது. கடிகாரம் பெட்டி அளவுக்கு வந்துவிட்டது. கப்பலில் இருக்கும் கருவி கைக்குள் அடங்கும். ஆண்டெனா மட்டும் சுருங்கவில்லை, சுருங்கவும் போவதில்லை, ஏனென்றால் 3 கிலோமீட்டர் அலைநீளம் சுருங்காது. 1960இல் வடிவமைத்த கோபுரத்தின் காலில் 2010இன் டிரான்ஸ்மிட்டரை இணைத்தால் அது அப்படியே வேலை செய்யும். எது சீக்கிரம் பழசாகுமோ அதைப் புதுசாக வாங்கிவிட்டு, எது பழசாகவே ஆகாதோ அதற்கு வெடிவைப்பது எந்த ஊர்ச் சிக்கனம்?

இதைச் சொன்னது கோபுரக் காதலர்கள் மட்டும் அல்ல. ஜி.பி.எஸ்.ஸின் தந்தை என்று அழைக்கப்படும் பிராட்ஃபோர்ட் பார்க்கின்சன் தலைமையில் அமெரிக்க அரசே ஒரு சுயேச்சையான குழுவை அமைத்துக் கேட்டது. லோரானை இ-லோரானாக மேம்படுத்தி, ஜி.பி.எஸ்.ஸுக்குத் துணையாக இன்னும் இருபது வருடம் வைத்திருக்க வேண்டும் என்று குழு ஒருமனதாகச் சொன்னது. அந்த அறிக்கை 2009 வரை வெளியே வரவில்லை. அடுத்த வருடமே கடை மூடப்பட்டது. ஜி.பி.எஸ். இருப்பதால் லோரான் வேண்டாம் என்று, ஜி.பி.எஸ்.ஸை உருவாக்கியவருக்கே பாடம் எடுத்திருக்கிறார்கள்!

பார்க்கின்சனுக்குத் தெரிந்தது இதுதான். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் சக்தி தரைக்கு வந்து சேரும்போது, ஒரு வாட்டைப் பத்தாயிரம் லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு அளவுதான். பக்கத்தில் ஒருவன் ஒரு வாட் இரைச்சல் கிளப்பினால் போதும். 2008இல் இங்கிலாந்தின் ஃபிளாம்பரோ ஹெட் அருகே கலங்கரை விளக்கத் துறையினர் வேண்டுமென்றே ஒன்றிரண்டு வாட் இடைஞ்சல் கருவியை வைத்துத் தங்கள் 'போல் ஸ்டார்' கப்பலை ஓட்டிப் பார்த்தார்கள். கப்பலின் கருவிகள் ஒவ்வொன்றாக அலறின. அதைவிட மோசம், சில கருவிகள் அலறாமலே பொய்யான இடத்தைக் காட்டின. லோரானை அப்படித் தடுக்க வேண்டுமானால் இடைஞ்சல் செய்பவனுக்கும் ஓர் ஆண்டெனா வேண்டும், அதுவும் 100 கிலோஹெர்ட்ஸில் ஒழுங்காக வேலை செய்யும் ஆண்டெனா. அதைக் கார் டிக்கியில் ஒளித்துவைக்க முடியாது. எந்த உயரம் கட்டுபவனைப் பாடாய்ப் படுத்துகிறதோ அதே உயரம் கெடுக்க நினைப்பவனையும் படுத்தும். பெரிய ஆண்டெனாதான் அந்த அமைப்பின் பூட்டு.

இதெல்லாம் கற்பனைப் பயம் என்று 2010இல் சிரித்தார்கள். 2016 ஜனவரி 26 அன்று ஒரு பழைய செயற்கைக்கோளை விலக்கும்போது தவறான தகவல் ஏற்றப்பட்டு, ஜி.பி.எஸ். நேரத்தில் 13 மைக்ரோநொடிப் பிழை பல மணி நேரம் பரவியது. யாரும் தாக்கவில்லை, தானாகவே. அதே வருடம் வட கொரியாவின் இடைஞ்சலால் தென் கொரிய மீன்பிடிப் படகுகள் பாதியில் கரை திரும்பின. 2017 ஜூனில் கருங்கடலில் மிதந்துகொண்டிருந்த கப்பல்களை ஜி.பி.எஸ். ஒரு விமான நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்திக் காட்டியது. 2024 ஏப்ரல் இறுதியில் எஸ்தோனியாவின் தார்த்து நகருக்கான விமானங்களை ஃபின்ஏர் ஒரு மாதம் நிறுத்தியது. கலிலியோ இருக்கிறது, குளோனாஸ் இருக்கிறது என்று பட்டியல் நீட்டுவது சப்பைக்கட்டு. எல்லாம் ஏறத்தாழ அதே உயரத்தில், அதே பலவீனத்தில், கிட்டத்தட்ட அதே அலைவரிசைகளில் வருபவை. ஒரே பூட்டுக்கு நான்கு சாவி வைத்திருப்பதால் கதவு நான்காகிவிடாது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. இ-லோரானை வாங்க ஆள் இல்லை. கருவி செய்யும் நிறுவனங்கள் அலைபரப்பு நிலைக்குமா என்று காத்திருந்தன, அரசுகள் பயனாளர்கள் வருவார்களா என்று காத்திருந்தன. யாரும் கேட்காத வானொலியை எத்தனை நாள் நடத்துவது? நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் அலைபரப்பை நிறுத்துவதாக இருக்கலாம், கோபுரத்தை இடிப்பதாக இருக்க முடியாது. நிறுத்தியதை மறுபடி தொடங்க ஒரு சுவிட்சும் ஓர் அலமாரியும் போதும்.

அது வெறும் பேச்சல்ல. 2015இல் நியூஜெர்ஸி மாநிலத்தின் வைல்ட்வுட்டில், இடிபடாமல் தப்பிய ஒரு பழைய கடலோரக் காவல்படைக் கோபுரத்தில் இ-லோரான் அலைபரப்பைச் சோதனைக்காக மறுபடி எழுப்பிக் காட்டினார்கள். கோபுரம் நின்றதால் முடிந்தது. அதற்குச் சற்று முன்பு, 2014 டிசம்பரில், மிச்சமிருக்கும் லோரான் கட்டமைப்பை இஷ்டத்துக்கு இடிக்கக்கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றமே சட்டம் போட வேண்டி வந்தது. 2018இல் இன்னொரு சட்டம்: ஜி.பி.எஸ். நேரத்துக்குத் தரைவழி மாற்று ஒன்றை இரண்டு வருடத்தில் அமைக்க வேண்டும் என்று. இரண்டு வருடம் வந்தது, போனது. மாற்று மட்டும் வரவில்லை.

எல்லாப் பழைய கோபுரத்தையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பதல்ல வாதம். ஒமேகா என்று ஒன்று இருந்தது. 10 முதல் 14 கிலோஹெர்ட்ஸில் எட்டே நிலையங்களால் உலகம் முழுவதற்கும் வழிகாட்டியது. அலைநீளம் 30 கிலோமீட்டர் வரை. 400 மீட்டர்க் கோபுரம்கூட அதற்குச் சுண்டைக்காய். 150 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரிலிருந்து வெளியே போனது 10 கிலோவாட்தான். ஹவாயில் கோபுரமே வேண்டாமென்று ஹைக்கூ பள்ளத்தாக்கின் இரு சுவர்களுக்கு நடுவே கம்பிகளைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பொறியியலாகப் பார்த்தால் மெய்சிலிர்க்கும். ஆனால் துல்லியம் சில கிலோமீட்டர். அதற்கு மேல் மேம்படுத்த வழியும் இல்லை, வானலையை நம்பிய அமைப்பு அது. 1997 செப்டம்பர் 30 அன்று அதை மூடியது சரி. லைபீரியாவில் 2011இலும் ஆஸ்திரேலியாவின் வுட்சைடில் 2015இலும் அதன் கோபுரங்களை வீழ்த்தியதிலும் குறை சொல்ல ஏதுமில்லை. இ-லோரானின் கதை வேறு. துறைமுகத்தை அணுகும் கப்பலுக்குப் பத்து இருபது மீட்டர்த் துல்லியத்தை அது 2014இல் பிரிட்டனின் கிழக்குக் கரைத் துறைமுகங்களில் கொடுத்துக்கொண்டிருந்தது.

அதையும் 2015 இறுதியில் கெடுத்தார்கள். ஃபிரான்ஸும் நார்வேயும் தங்கள் நிலையங்களை மூட, பிரிட்டனிடம் ஆந்தார்ன் மட்டும் மிஞ்சியது. ஒரு நிலையத்தால் நேரம் கிடைக்கும், இடம் கிடைக்காது. இடத்துக்கு மூன்று வேண்டும். 2023 அக்டோபரில் பிரிட்டன் அரசு தன் புதிய கொள்கைத் திட்டத்தில் இ-லோரானைத் திரும்பவும் சேர்த்தது. எட்டே வருடம்! இதற்கிடையில் நார்வேக் கோபுரங்கள் வெடிமருந்துக்கு இரையாகிவிட்டன. சீனாவோ தன் லோரான் வலையை மேற்குப் பகுதிக்குப் புது நிலையங்கள் கட்டி நீட்டியது. தென் கொரியா போஹாங், குவாங்ஜு நிலையங்களை மூடாமல் வைத்துக்கொண்டு அவற்றை மேம்படுத்தும் வேலையில் இறங்கியது. பக்கத்து வீட்டில் இடைஞ்சல்காரன் இருப்பவனுக்குத்தான் பூட்டின் அருமை தெரிகிறது.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. கலங்கரை விளக்கத் துறை இரண்டு லோரான்-சி சங்கிலிகளை நடத்தியது. மேற்கே திராங்கத்ரா, வெராவல், பில்லிமோரா. கிழக்கே பாலசோர், டயமண்ட் ஹார்பர், பட்பூர். இரண்டும் பின்னர் மூடப்பட்டன. குஜராத், பம்பாய்க் கடலுக்கும் வங்காள விரிகுடாவின் தலைப்பகுதிக்கும் அமைத்தவை அவை. தெற்கே ஒன்றை அமைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இங்கே கட்டத் தெரியாது என்பதும் இல்லை. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில், கடற்படையின் கட்டபொம்மன் தளத்தில், மிக உயரமான கோபுரங்கள் 1990இலிருந்து நிற்கின்றன. வழிகாட்டுவதற்கு அல்ல, நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப. ஆனால் குட்டை ஆண்டெனாவின் சிக்கல்கள் அங்கேயும் அவையேதான்: உச்சிக் கம்பி, இன்சுலேட்டர், மண்ணுக்கடியில் செம்பு. அலைவரிசை அகலம் என்ற கூடுதல் சிக்கல் மட்டும் அங்கே கிடையாது.

2025 இறுதியில் டெல்லி விமான நிலையப் பகுதியில் போலி ஜி.பி.எஸ். சமிக்ஞைகள் விமானங்களைக் குழப்பியது செய்தியானது. விமானத்துக்காவது தரையில் வேறு கருவிகள் வழிகாட்டும், ரேடார் பார்த்துக்கொண்டிருக்கும். ராமேஸ்வரத்திலிருந்து இரவில் கிளம்பும் விசைப்படகுக்கு அந்தக் கையடக்க ஜி.பி.எஸ். கருவிதான் எல்லைக்கோடு. இந்தப் பக்கம் இருந்தால் மீனவர், அந்தப் பக்கம் போனால் கைதி. திரையில் தெரியும் புள்ளி இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் காட்டினால், அது பொய் என்று சொல்ல அந்தப் படகில் வேறொரு ரேடியோ வழிகாட்டி கிடையாது. அப்படி ஒன்றை அவர் காசு கொடுத்து வாங்கினாலும், அதற்கு அலை அனுப்பக் கரையில் ஒரு கோபுரம் கிடையாது.